மூட்டைக் கனத்தில் பூங்கொத்து

கயிறு என்று எல்லோரும் கூப்பிடுகிற மனிதர் தன் வீட்டுத் தோட்டத்துப் பூக்களை வைத்து முதன்முதலாகக் கட்டிய பூங்கொத்து ஒரு சிமெண்ட் மூட்டையின் கனம் இருந்தது. கை நீட்டி வாங்கிய எதிர்வீட்டுத் தையற்காரர் கொத்தோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் காற்று இல்லை, வெயில் சுமார். கொத்தில் சிவப்பு ஜினியா ஒரு பிடி, மஞ்சள் சாமந்தி கொஞ்சம், ஓரத்துக்கு வாடாமல்லி, அவ்வளவுதான். விரல்கள் அடியில் மாட்டிக்கொண்ட நிலையில் தையற்காரர், "அண்ணே, இதுக்குள்ள என்னத்த வச்சுக் கட்டினீங்க?" என்று கேட்டார். "பூவத்தான். நடிக்காம எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, கயிறு அதை ஒரு கையால் தூக்கிக் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தார். பிறகு பூ வாடியது, காய்ந்தது, சருகாகி நிறம் போனது. கனம் மட்டும் குறையவில்லை. காற்றுக்குப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்த கடைக் கதவுக்கு அதைத்தான் தையற்காரர் அண்டக் கொடுத்திருக்கிறார்.

கயிறு தன் உடம்பில் தெம்பு இருந்த காலம் முழுவதும் குடோனில் லாரிக்குப் பாரம் ஏற்றினார். ஏற்றுவதைவிடக் கட்டுவதில்தான் அவர் பேர் வாங்கினார். மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கயிறு ஓட்டி, கடைசியில் முழங்காலைப் பாரத்தின் மேல் ஊன்றி ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பில் லாரியே ஒரு தரம் முனகும். அவர் கட்டிய லோடு எந்த மலைப்பாதையிலும் சரிந்ததில்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். பிறகு முழங்கால் தேய்ந்து, படி ஏறும்போது கதவுக் கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்ததும், போதும் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவருக்கு உட்கார இடம் இருந்தது, செய்ய வேலை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருந்தது அவர் மனைவி. குளிக்கிற தண்ணீர் ஓடிப் பாய்கிற இடத்தில் ஜினியா, சுவரோரம் ரோஜா, மற்ற இடமெல்லாம் சாமந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை வழியனுப்பப் போகிறவர்கள், சண்டை போட்டுவிட்டுச் சமாதானத்துக்குப் போகிறவர்கள் என்று தெருவில் யாராவது வந்து கேட்டால் மனைவிதான் கொத்துக் கட்டிக் கொடுப்பார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டி, அடி இலையை உருவிவிட்டு, வாளித் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தி வைப்பார். தண்டு நன்றாகத் தண்ணீர் குடித்ததும் ஒவ்வொன்றாகச் சாய்த்துச் சாய்த்து, கைக்குள் திருப்பிக்கொண்டே சேர்ப்பார். பூவெல்லாம் மேலே விரிந்தும் தண்டெல்லாம் நடுவில் ஒடுங்கியும் நிற்கும். அந்த இடுப்பில் நூலை நாலு சுற்றுச் சுற்றி ஒரு சுருக்கு. வேலை முடிந்தது. கயிறு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. "லூசா இருக்கு" என்பார். "பூவுதாங்க, புண்ணாக்கு மூட்டை இல்ல" என்பார் மனைவி. ஒரு நாள் மனைவி காய்ச்சலில் படுத்ததும் கத்தரிக்கோல் அவர் கைக்கு வந்தது. தையற்காரர் உட்கார்ந்தது அந்த வாரத்தில்தான்.

முதல் கொஞ்ச மாதங்கள் ஊரே சேர்ந்து தன்னைக் கேலி பண்ணுகிறது என்றுதான் கயிறு நினைத்தார். அவர் கைக்கு அந்தக் கொத்துகள் பஞ்சாக இருந்தன. மூட்டை தூக்கிப் பழகிய தோளுக்கு மூட்டைக் கனம் ஒரு கனமா என்ன. ஆஸ்பத்திரிக்குப் போன கொத்து, நோயாளியின் தலைமாட்டில் இருந்த சின்ன மேசையை மடக்கிப் படுக்க வைத்தது. பிறந்தநாளுக்குப் போன கொத்தை நாலு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். பிறகு அது அந்த வீட்டின் பிறந்தநாள்கள் எல்லாவற்றுக்கும் அங்கேயே இருந்தது. கடைசியில் இரும்புக்கடைக்காரர் தராசை வெளியே இழுத்து வந்து, நடுத்தெருவில், எல்லோர் முன்னாலும் ஒரு கொத்தை ஏற்றி நிறுத்துக் காட்டினார். முள் போய் எங்கே நின்றது என்பதைப் பார்த்த கயிறு, "தராசு சரியில்ல" என்றார். அதன் பிறகு அந்தத் தராசில் ஏறி நின்று தன்னையும் ஒரு தரம் நிறுத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது அதனால் அல்ல. ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம்தான் அவரைக் குடைந்தது. பூ அழகாக இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. காற்றுக்காலம் வரப் போகிறது என்றால் தகரக் கூரைக்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். "மூலைக்கு ஒண்ணு போதும்ணே, கலர் எதுன்னாலும் பரவாயில்ல." மெக்கானிக், சரிவில் நிறுத்துகிற வண்டிச் சக்கரத்துக்கு ரோஜாக் கொத்தை முட்டுக் கொடுத்தான். கொத்தனார் தூக்குக்குண்டுக்குப் பதிலாக ஒன்றைக் கேட்டு வந்தபோது கயிறு கதவைச் சாத்திக்கொண்டார். "செவப்பையும் மஞ்சளையும் மாத்தி மாத்தி வச்சிருக்கேன். கண்ணிருந்தாப் பாருங்கடா" என்று உள்ளேயிருந்து கத்தினார். கொத்தனார் வெளியிலிருந்து, "பாத்தேன் கயிறண்ணே, நல்லாத்தான் இருக்கு. நேரா தொங்குமா?" என்று கேட்டார்.

மகளுக்குக் கல்யாணம் பேசியது இந்தச் சமயத்தில். அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது, வேறு ஆடம்பரம் வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் முடிவானது. டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, கையில் பிடிக்க நல்ல கடையில் ஒரு பொக்கே சொல்லிவிடலாமா என்று கேட்டார். யாரும் எதிர்பாராமல் கயிறு டம்ளரைக் கீழே வைத்தார். "என் மக என் கையால கட்டின பூவத்தான் பிடிச்சுக்கிட்டு வருவா" என்றார். சம்பந்தியம்மா சிரித்தார். "பிடிக்கட்டும் சம்பந்தி. ஆனா பொண்ணக் கூட்டிட்டு வரும்போது பின்னாடியே ஒரு கிரேனும் வருமா?" கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா கட்டுவாரு. வேற பூவ நான் தொட மாட்டேன்" என்றாள். அவர்கள் போன பிறகு மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மண்டை. உள்ள சிமெண்ட்டு."

அன்றிலிருந்து கல்யாண நாள் வரை அந்த வீட்டில் நடந்ததைப் பக்கத்துக் குடித்தனங்கள் சுவர் வழியாகவே கேட்டுத் தெரிந்துகொண்டன. கயிறு விடிந்தால் வெட்டுவார், கட்டுவார், மகளைக் கூப்பிடுவார். அவள் தூக்கிப் பார்ப்பாள். தூக்க முடியாது. நூல் கெட்டி என்று நினைத்து மெல்லிய பட்டு நூலுக்கு மாறினார். பூ அதிகம் என்று பாதியாகக் குறைத்தார். இடது கையால் கட்டினார். கண்ணை மூடிக் கட்டினார். எல்லாம் முடிந்து கடைசியில் அந்த ஒரு இழுப்பு மட்டும் அவரை மீறி வந்துவிடும். வலிக்கிற முழங்கால் தானாக எழுந்து மேசை விளிம்பில் ஊன்றும், அடிவயிற்றிலிருந்து ஒரு 'ம்' கிளம்பும். வெறுத்துப்போய் ஒற்றை ரோஜாவுக்கு மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினார். அதை வைத்த கட்டிலின் கால் நான்கும் தரைக்குள் இறங்கின. கட்டியதையெல்லாம் எங்கேதான் வைப்பது? சமையலறை ஓரத்தில் அடுக்கினார். வீடு அந்தப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. "பால வச்சா ஒரு பக்கமாப் பொங்குது" என்று மனைவி கத்தினார். "உருளைக்கிழங்கு உரிக்கிறதுக்குள்ள உருண்டு ஓடுது. நான் வேணா ஒண்ணு கட்டித் தரேன், நீங்க கட்டினதா சொல்லிக்கோங்க. யாருக்குத் தெரியப் போகுது?"  கயிறு இரண்டு நாள் சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார்.

சாய்ந்த வீடு ஒரு பக்கம், தீர்ந்துபோன தோட்டம் இன்னொரு பக்கம். மொட்டு விட விட வெட்டியதில் செடிகள் எல்லாம் மொட்டையடித்த மாதிரி நின்றன. கல்யாணத்தன்று காலையில் பின்னால் போய்ப் பார்த்தால், சுவரோரம் கொஞ்சம் ரோஜா, வாடாமல்லி, யார் கண்ணிலும் படாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூத்திருந்த சாமந்தி. இதை விட்டால் வேறு பூ இல்லை. கயிறு ஒவ்வொன்றாக வெட்டினார், இலை உருவினார், தண்ணீரில் நிறுத்தினார். மனைவி செய்கிற மாதிரியே சாய்த்துச் சாய்த்துச் சேர்த்தார். அவர் கட்டியதிலேயே அழகான கொத்து அது என்று மனைவியே பிற்பாடு ஒத்துக்கொண்டார். இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நூலைச் சுற்றினார். சுற்றி முடித்துவிட்டு இழுத்தார். மேசை முனகியது.

மகள் புது உடுப்போடு வந்து, முந்திய நாள்களைப் போலவே கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முகம் சிவந்ததே தவிரக் கொத்து அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் மேல் போன். கயிறு சுவரில் சாய்ந்து நின்று, "போ. கடையில வாங்கிக்கோ. இந்தக் கையி இனி எதுக்கும் உதவாது" என்றார். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மகள் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவுத்துடுங்கப்பா" என்றாள்.

அவர் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல் அவளைப் பார்த்தார். அந்தக் குடோனில் ஏற்றுகிற ஆட்கள் வேறு, இறக்குகிற ஆட்கள் வேறு. இங்கே போடுகிற கட்டுகளை எங்கேயோ கண் காணாத ஊரில், முகம் தெரியாத ஆட்கள் அவிழ்ப்பார்கள். கயிறு தன் வாழ்நாளில் போட்டது அத்தனையும் முடிச்சு. ஒன்றைக்கூட அவிழ்த்தது கிடையாது. லாரிப் பாரம் கிடக்கட்டும், செருப்பைக்கூட வார் முடிச்சோடுதான் கழற்றுவார். "எப்படி அவுக்கிறது?" என்று உண்மையாகவே கேட்டார். மனைவி காய் நறுக்குகிற கத்தியை நீட்டினார். "கட்ட அறுக்கிறதா? அதுக்கு நான் செத்துப்போலாம்" என்று அதைத் தள்ளிவிட்டு, குனிந்து, முடிச்சின் வாயைத் தேட ஆரம்பித்தார். நகம் போதவில்லை. பல்லால் கடித்தார். தான் போட்ட முடிச்சையே, "எந்தப் பாவி போட்டான் இத" என்று திட்டினார். வாசலில் ஆட்டோ ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து, போய்விட்டது. அவர் நிமிரவே இல்லை. கடைசியில் நூல் எங்கேயோ ஒரு இடத்தில் நெகிழ்ந்தது. இடுப்பு இளகிய பூக்கள் மெதுவாகச் சரிந்து, மேசை முழுக்கப் பரவின. ஜன்னல் வழியாக வந்த லேசான காற்றில் ஒரு வாடாமல்லி உருண்டது.

மகள் அவற்றை இரண்டு கையாலும் வாரினாள். ஒழுங்கு பார்க்கவில்லை, திருப்பவில்லை, அடியை நேராக வெட்டவில்லை. ஒரு கைப்பிடிக்குள் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க, நேரமாச்சு" என்று தெருவில் இறங்கி நடந்தாள். கயிறு கெந்திக் கெந்திப் பின்னால் ஓடினார், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சரியப் போகிற லோடுக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி. முச்சந்தியில் ஒரு ரோஜா விழுந்தது. "லூசாப் போகுதும்மா, லூசாப் போகுது" என்று கத்திக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பாலத்தில் இரண்டு சாமந்தி விழுந்து தண்ணீரோடு போயின. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அவர் பின்தங்கிவிட்டார். பதிவு அலுவலகத்தில் அவள் இடது கையால் பூவைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பிடியைத் தளர்த்தவே இல்லை, மாப்பிள்ளை கை கொடுத்தபோதுகூட. அவன் அவளுடைய மூடிய முட்டியோடு சேர்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பந்தியம்மா குனிந்து எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "இதுக்கா சம்பந்தி இத்தனை பாடு?" என்றார். கயிறுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அது பூங்கொத்தே இல்லை என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டு இல்லாதது எப்படிக் கொத்தாகும், வெறும் பிடிப் பூ, வழியில் பாதியைச் சிந்திவிட்டு மீதியை ஊர் சிரிக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பார். அவள் அந்தப் பூவோடு நிற்கிற கல்யாண போட்டோவை நடுக்கூடத்தில் மாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோட்டம் மறுபடி பூத்ததும் மறுபடி கட்ட ஆரம்பித்தார். பழைய இழுப்பு, பழைய கனம். கூரைக்காரர்களுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொடுக்கிறார். மகள் மாதம் ஒரு தரம் வருவாள். தோட்டத்தில் நுழைந்து கை போன போக்கில் ஒரு பிடி பறித்துக்கொண்டு போவாள். அவர் நூலை நீட்டுவார், அவள் வாங்க மாட்டாள். "சரி, சிந்திக்கிட்டே போ" என்று வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் விடுவார்.

அவிழ்த்த நூல் மட்டும் விழுந்த இடத்திலேயே, மேசை மேல், பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடக்கிறது. பூவை விட்டுப் போன கனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மனைவி ஒரு தரம் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்தார், துடைப்பம்தான் முறிந்தது. கயிறு அதைத் தொட மாட்டேன் என்கிறார். சாப்பிடும்போது அந்த இடத்தை விட்டுத் தட்டு வைப்பார்கள். துடைக்கும்போது நூலைச் சுற்றித் துடைப்பார்கள்.