யாரைப் பார்க்க வந்த?

துர்துகான் அக்கா தன் கணவரின் பழைய ரயில்வே தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அதுதான் விமான நிலையக் கவுண்டர். நான் பாஸ்போர்ட்டோடு கதவருகே நின்றேன். அதுதான் வரிசை.

"அடுத்தது!" என்று கத்தினாள்.

போய் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"எத்தனை நாள் தங்கப் போற?"

"ஐம்பது நாள். திரும்பி வர டிக்கெட் இருக்கு, இந்தா."

"வேலைக்குப் போவியா?"

"காரா-சூ சந்தையில எனக்குச் சொந்தமா கடை இருக்கு. உன் ஊர்ல வந்து தட்டு கழுவணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

அக்கா தொப்பியைக் கழற்றி மெஷின் மேல் அடித்தாள். "அடி ஜிபெக்! கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடி. சாக்ஸ் விக்கிற வாயை அங்கேயும் திறந்தேன்னா வந்த விமானத்துலயே ஏத்தி அனுப்பிடுவான்."

"சரி சரி. போக மாட்டேன்னு சொல்றேன், போதுமா?"

"யாரைப் பார்க்க வந்த?"

இங்கேதான் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று நாளாக இதே கதை.

"பெர்மெத்தை."

"பெர்மெத் உனக்கு யாரு?"

நான் சுவரைப் பார்த்தேன்.

பெர்மெத்தைப் பெற்றவள் நான். வளர்த்தவள் அக்கா. எங்கள் கணவன்மார் அண்ணன் தம்பி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவள் மடி காலியாகவே இருந்தது. எனக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். எங்கள் பக்கம் குடும்பத்துக்குள் பிள்ளை கொடுப்பது நடப்பதுதான். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானேதான் தூக்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவள் மடிக்கு. "இனி இது உன் பிள்ளை. என் பிள்ளைன்னு என் வாயால சொன்னா ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்று ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஊருக்கே விஷயம் தெரியும், பெர்மெத்துக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அக்காதான் அம்மா, நான் சித்தி. இருபத்தேழு வருஷத்தில் அந்த வார்த்தை என் பல்லைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

பிறப்புச் சான்றிதழை மாற்ற வேண்டுமென்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் புத்தி புல் மேயப் போயிருந்தது. காகிதத்தில் இன்றைக்கும் அம்மா நான்தான்.

பெர்மெத் ஒரு கொரியாக்காரனைக் கட்டிக்கொண்டு கொரியாவிலேயே இருக்கிறாள். தலைப்பிரசவம், இன்றோ நாளையோ. பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியாக விடக் கூடாது. அவளுக்கு மாமியாரும் இல்லை, புருஷன்காரன் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் ராத்திரிதான் வருவான். போக வேண்டியவள் அக்காதான். பெட்டியெல்லாம் கட்டிவிட்டாள். ஆனால் விசாவுக்கு உறவைக் காட்டும் காகிதம் வேண்டுமே! அது அவளிடம் இல்லை, விசா கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாள் காலையில் கட்டிய பெட்டியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்து, "நீ கிளம்பு" என்றாள். காகிதத்து அம்மாவான எனக்கு விசா கிடைத்துவிட்டது.

"அக்கா, சித்தின்னே சொல்லிடறேனே. அதுவும் பொய்யில்லையே?"

"அழைப்புக் கடிதத்துல அம்மான்னு போட்டிருக்குடி. நீ சித்தின்னா, கள்ளக் காகிதம்னு பிடிச்சுக்குவான். சொல்லு, 'என் மகள்'. நான்தானே சொல்லச் சொல்றேன்? எனக்கு ஒண்ணும் ஆயிடாது."

"ரொட்டி?"

"ரொட்டி அடிச்சா அந்த அடியை நான் வாங்கிக்கிறேன். சொல்லு!"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அக்கா தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டாள். தொப்பிக்கு அடியில் கண் சிவந்திருந்தது. "கழுதை. நூறு தடவை ஆனாலும் விட மாட்டேன். அடுத்தது!" என்றாள். அன்றைக்கு இருட்டும்வரை அந்தத் தையல் மெஷின் முன்னால் நின்றேன். ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டியில் ஒளித்து வைத்திருந்த குதிரைக்கறியையும் கண்டுபிடித்து வெளியே எறிந்தாள். அங்கே இறைச்சி கொண்டுபோகக் கூடாதாம்.

அவள் முன்னால்தான் வராது, அங்கே போனால் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விமானத்தில் வழியெல்லாம் உதட்டுக்குள் 'என் மகள், என் மகள்' என்று உருப்போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் நான் தொழுகிறேன் என்று நினைத்து போனில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார்.

இறங்கியதும் வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் சின்ன வயசு அதிகாரி. அவர் பேசுவதை முன்னாலிருந்த ஒரு கருவி எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் சொன்னது. எத்தனை நாள்? ஐம்பது. வேலைக்கா? இல்லை. அக்கா இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பாள்.

"யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

"எங்க அக்கா மகளை."

சந்தையில் விலை சொல்கிற மாதிரி, யோசிக்காமல் வந்துவிட்டது. பாழாய்ப்போன வாய்! அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். யாருக்கோ கை காட்டினார். என்னை ஒரு தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே வயசான வேறொரு அதிகாரி. மேஜை மேலிருந்த போனில், மொழிபெயர்க்க, எங்கள் மொழி பேசும் ஒரு பெண். எங்கள் நாட்டு நாரின் மலைப் பக்கத்துப் பேச்சு. ஊர்க்குரலைக் கேட்டதும் எனக்கு அணை உடைந்துவிட்டது. ஒன்பது வருஷம், ரொட்டி, காகிதம், பிரசவம், எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். "எனக்குப் புரியுது அத்தை. எங்க பெரியப்பா வீட்டிலயும் இப்படித்தான். நீங்க சொன்னதெல்லாம் சொன்னேன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. அந்தப் பொண்ணு உங்க மகளா, இல்லையா? உங்க வாயால சொல்லணுமாம். இல்லைன்னா சாயங்கால விமானத்துல திருப்பி அனுப்பிடுவாராம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. திரும்பிப் போனால் பெர்மெத் பச்சைப் பிள்ளையோடு தன்னந்தனியாகக் கிடப்பாள். போகட்டும், ரொட்டி அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும்! மேஜையில் ஓங்கித் தட்டினேன்.

"ஆமா. என் மகள்!"

போன்காரி மொழிபெயர்த்தாள். அதிகாரி தலையாட்டி எழுத ஆரம்பித்தார்.

"என் மகள்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லிட்டேன் அத்தை, அவருக்குப் புரிஞ்சுடுச்சு. போதும்" என்றாள் போன்காரி.

"என் மகள். நான் பெத்த மகள்" என்றேன். யாரும் மறுபடி கேள்வி கேட்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது, என்னால் நிறுத்த முடியவில்லை. சீல் விழுந்த பிறகும் நடைவழியில் சொல்லிக்கொண்டே போனேன்.

பெட்டிக்காகக் காத்திருந்தபோது அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"உள்ளே விட்டுட்டானா?"

"விட்டுட்டாங்க அக்கா."

"அதைக் கேட்டானா?"

"கேட்டாரு."

"சொன்னியா?"

"சொன்னேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. 

"ஜிபெக்" என்றாள் மெதுவாக. "ஒரு தடவைதானே சொன்ன?"

"ஒரே தடவைதான் அக்கா" என்றேன்.