எட்டுத் திருப்பு

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க திருப்புனீங்க?" என்று டாக்டர் ஷாலினி கேட்டபோது, உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று யாகப்பனுக்குப் பட்டது. செவ்வாய்ப்பேட்டையில் இருபத்தாறு வருடம் புளி மண்டி நடத்துகிறவருக்கு, எதிரிலிருப்பவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டாரா என்பது முகத்திலேயே தெரியும்.

"நாலுங்க. நாலையும் காலையிலயே முடிச்சுருவேன். கடைய தொறந்துட்டா நகர முடியாதுங்க."

"சனிக்கிழமை?"

"எட்டு. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவணுமேன்னு அதையும் சேத்து."

கட்டிலில் அவர் மனைவி செல்வமேரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நாலு வயதில் வந்த காய்ச்சலோடு உள்பக்கம் மடங்கி இறுகிய இடது பாதம். நாற்பது வருடம் அதன் விளிம்பில் நடந்திருக்கிறாள். இப்போது காலைச் சுற்றி வளையங்கள், எலும்பைத் துளைத்துப் போகும் கம்பிகள், ஆறு மணி நேரத்துக்கொருமுறை கால்வாசி சுற்று திருப்ப வேண்டிய நட்டுகள். ஏழு வாரத்தில் பாதம் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. ஞாயிறு காலை விரல்கள் மரத்துப்போயின.

"நரம்பு மொத்தமா வாங்காதுங்கய்யா, சில்லறையாத்தான் வாங்கும். அஞ்சு நாளைக்கு நட்டைப் பின்பக்கமாத் திருப்புங்க. ஐயா தொடுறது அம்மாவுக்குத் தெரிஞ்சா மறுபடி ஆரம்பிக்கலாம். இல்லைன்னா கழட்டிர வேண்டியதுதான்."

"மூணு நாளாக் கொறைக்க முடியாதுங்களா?"

டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார்.

ஆட்டோவில் யாகப்பன் சொன்னார்: "ஏதாச்சும் திட்டிரு மேரி."

"திட்டி என்ன பண்ண. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே 'கால் எப்பிடியிருந்தா என்னங்க, நடக்குதுல்ல'ன்னு சொன்ன ஆளு. நிமுத்தணும்னு கேட்டது நான். அவசரம் மட்டும் உங்களுது."

அன்றிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மண்டியின் கதவு பாதி இறங்கியது. யாகப்பன் ஸ்பேனரோடு கட்டிலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் கால்வாசி மட்டும் பின்னால் திருப்பினார். பிறகு செல்வமேரி கண்ணை மூடிக்கொள்ள, விரல் விரலாகத் தொட்டார். நாலாம் நாள் கட்டைவிரல் தெரிந்தது.

ஐந்தாம் நாள் அடுத்த மூன்றும் தெரிந்தன. மிச்சம் சுண்டுவிரல். முதலில் தொட்டார். பிறகு கிள்ளினார். பிறகு நகத்தை வைத்து அழுத்தினார்.

"இன்னும் தொடலீங்களா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல மேரி. இரு."

நகத்தை எடுத்தார். அழுந்திய இடத்தில் வெள்ளையாக ஒரு பிறை, ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.