மூன்றாவது கதவு

பார்னபி எங்கள் நாடகக் கம்பெனியின் கோமாளி. இருபது வருஷத்தில் ஒருநாள்கூட எழுதிக் கொடுத்ததை எழுதியபடி பேசியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரே ஒரு வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னால்தான் கழுத்து தப்பும் என்று ஆனபோது, எனக்கு எப்படிச் சோறு இறங்கியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரேஃப். லண்டனில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ராணி போய் ராஜா வந்த மறு வருஷம், அந்தக் கம்பெனியில் புத்தகம் பிடிப்பவனாக இருந்தேன். முழு நாடகமும் என் கையில் மட்டும்தான் இருக்கும். நடிகர்களுக்கு அவரவர் பேச்சை மட்டும் நீளக் காகிதத்தில் எழுதிச் சுருட்டிக் கொடுப்போம். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே, முன்னால் பேசுகிறவனின் கடைசி மூன்று வார்த்தைகள் இருக்கும். அதற்கு எங்கள் பேச்சில் வால் என்று பெயர். வால் காதில் விழுந்தால் நடிகன் வாய் திறப்பான். விழாவிட்டால் கூரை இடிந்தாலும் திறக்கமாட்டான். மிச்ச நாடகம் எதைப் பற்றி என்று பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

பார்னபிக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அவன் சுருளை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

அந்தப் பருவத்தில் எங்களுக்குச் சோறு போட்டது ஒரு மந்துவா நகரத்துக் கதை. முத்தம் கொடுத்தால் தூக்கு என்று சட்டம் போடுகிற ஒரு நீதிபதி, கடைசியில் சலவைக்காரி வீட்டு மேசைக்கடியில் அகப்படுவார். ஊரே அவரையும், அவர் பிடித்துவைத்த செருப்புத் தைப்பவனையும் சேர்த்துத் தொங்கவிடச் சொல்லும்போது, நகரத்தை ஆளும் கோமகன் வந்து இரக்கத்தைப் பற்றி நீளமாகப் பேசி எல்லோரையும் மன்னித்துவிடுவார். கோமகன் வேஷம் ஜெர்வேஸுக்கு. கம்பெனி முதலாளியும் அவர்தான், முதல் நடிகரும் அவர்தான். அந்தப் பேச்சைக் கேட்டு மீன்காரிகள் மூக்கைச் சிந்துவார்கள். செருப்புத் தைப்பவன் வேஷம் பார்னபிக்கு. கோமகன் காலடியில் மண்டியிட்டபடி, பேச்சின் உச்சியில், இடுப்பிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடிப்பான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஜெர்வேஸ் கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவார். அந்த ஆப்பிளை மன்னிக்கவில்லை.

வேஷத் துணி கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. ஒரு சாயங்காலம் பார்னபி கோமகனின் மென்மயிர் ஓரம் வைத்த சிவப்பு அங்கியோடு மதுக்கடைக்குப் போனான். நாலு குவளை உள்ளே போனதும் அங்கியோடு சேர்ந்து அதிகாரமும் ஏறிவிட்டது. நேராக எங்கள் பேட்டைச் சிறை வாசலுக்குப் போய், "கதவைத் தொற. இவங்களை எல்லாம் நான் மன்னிச்சாச்சு" என்றான். காவலாளி அங்கியைப் பார்த்தான், ஆளைப் பார்க்கவில்லை. தலையைத் தரையில் இடிக்கிற மாதிரிக் குனிந்து இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டான். ஒரு வாத்துத் திருடனும் ஒரு சீட்டாட்டக்காரனும் ஓடியே போனார்கள். வேலை போய்விடும் என்று காவலாளி அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையில் அங்கியை மடித்துக் கொண்டுவந்து வைத்தவனைத்தான் ஜெர்வேஸ் திருடன் என்று பிடித்துக் கொடுத்தார்.

நான் போய்க் கெஞ்சினேன். "அதான் திருப்பிக் கொண்டாந்துட்டானே, ஐயா. தூக்குல போட்டுடுவாங்க."

கண்ணாடி முன்னால் தாடியை ஒட்டிக்கொண்டிருந்தார். "சட்டம்னு ஒண்ணு இருக்கு ரேஃப். என் மனசு அழுவுது. ஆனா என்ன பண்ண?" என்றவர், உடனே, "இன்னிக்கு ஆப்பிள் இருக்காதில்ல?" என்று கேட்டார்.

இனி ஒரே வழி புத்தகம் கேட்பதுதான். பாதிரிகளைத் தவிர யாருக்கும் எழுத்து தெரியாத காலத்தில் போட்ட சட்டம் எங்கள் ஊரில் இன்னும் இருந்தது. குற்றவாளி வேதப் புத்தகத்தில் இரக்கம் கேட்கிற ஒரு குறிப்பிட்ட வசனத்தை வாசித்துக் காட்டினால், அவன் பாதிரிக்குச் சமம். தூக்கு கிடையாது. கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எப்போதும் அதே பக்கம், அதே வசனம்.

"என்னைப் பாத்தா பாதிரி மாதிரியாய்யா இருக்கு?" என்றான் பார்னபி.

"கழுத்து இருக்கில்ல, அது போதும். சொல்லு."

எட்டு நாள் சிறைக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வரிதான். ஆண்டவரே, உம்முடைய பெரிய மனசால் என்மேல் இரக்கம் வையும் என்று போகும். அவன் அதை அப்படியே சொல்லிவிட்டு, "ரொம்ப அவசரமில்ல, சாப்ட்டுட்டு வந்துகூட வைங்க" என்பான். ஒருமுறை ஆண்டவரின் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றும் விசாரித்தான்.

"யோவ், சேக்காத. ஒரு வார்த்தை கூடினாலும் கயிறுய்யா."

"தெரியுது ரேஃப். ஆனா சும்மா அப்படியே முடிச்சா நாக்கு துறுதுறுங்குது."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் அந்த வசனத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நிதானமாகச் சொல்லியது. ஒரு எழுத்து பிசகவில்லை.

அவள் பெயர் தாம்சின். ஒரு உபதேசியார் வீட்டில் வேலைக்காரி. அவர் மனைவி அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு இரண்டு வெள்ளிக் கரண்டி காணாமல் போனதும் பிடித்தும் கொடுத்தாள். எடுத்தது தான்தான் என்று தாம்சினே ஒப்புக்கொண்டாள். தம்பிக்குக் காய்ச்சலாம். நான் வேதப் புத்தகத்தை அவள் அறைக் கம்பி வழியாக நீட்டினேன். எங்கே திறந்தாலும் தண்ணீர் குடிக்கிற மாதிரி வாசித்தாள்.

"அப்புறம் என்னம்மா, நீயும் புத்தகம் கேளு," என்றான் பார்னபி.

"பொம்பளைக்குக் கிடையாதுண்ணே. பொம்பளை பாதிரி ஆக முடியாதில்ல. அதனால எனக்குப் படிக்கத் தெரியாது."

"இப்பத்தானே படிச்ச?"

"நான் படிச்சேன். சட்டத்துக்குக் கேக்கல." புத்தகத்தைத் திருப்பி நீட்டியபடி, "அன்னிக்கு நீங்கதானே கோமகன் மாதிரி வந்து ரெண்டு கதவைத் தொறக்க வச்சது? மூணாவது கதவு என்னோடது" என்றாள்.

பார்னபி என்னைப் பார்த்தான். "தாகம் எடுத்துடுச்சும்மா. திரும்பிட்டேன்" என்றான். அவன் பேச்சில் நக்கல் இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் வசனத்தை அப்படியே சொல்ல ஒரு வழி கண்டுபிடித்தேன். சொந்தமாக ஆரம்பிக்கும்போதுதான் அவன் கிளை விடுகிறான். வால் கொடுத்தால் ஓரளவு நேராகப் போகிறான். அவனுக்கு நன்றாகப் பழகிய வால், ஜெர்வேஸின் இரக்கப் பேச்சின் கடைசி மூன்று வார்த்தைகள்: "எழுந்து பேசு, மகனே." அதன் பின்னால் வசனத்தைக் கட்டிவிட்டேன். நான் வாலைச் சொல்வேன், பார்னபி வசனத்தைச் சொல்வான், சுவருக்கு அந்தப் பக்கம் தாம்சின் சரிபார்ப்பாள். அவன் எதையாவது சேர்த்தால் சுவரை ஒரு தட்டு தட்டுவாள். எட்டாவது நாள் சுவர் சத்தமே போடவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். மடையன், வழக்கு மன்றத்தில் வாலை யார் சொல்வார்கள் என்று யோசிக்கவே இல்லை.

நீதிபதி சர் ஆம்ப்ரோஸ் எங்கள் ரசிகர். அந்த மந்துவா நாடகத்தை ஆறு தடவை பார்த்தவர். மேடைமேலேயே முக்காலி போட்டு உட்காருகிற பெரிய மனிதர்களில் ஒருவர். இரக்கப் பேச்சு வந்தால் சரிகைக் கைக்குட்டை நனைந்துவிடும். காலையில் மூன்று பேரைத் தூக்குக்கு அனுப்பிவிட்டு மத்தியானம் வந்து அழுவார். ஒருமுறை நான் கேட்டேவிட்டேன். "நாடகத்துல மன்னிக்கிறது சுலபம்ப்பா. அங்க யாரும் நிஜமா எதையும் திருடல" என்றார்.

வழக்கு கால் மணி நேரத்தில் முடிந்தது. அங்கி வெளியே போனது உண்மை, போட்டுப் போனது பார்னபி. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்றார்கள். பார்னபி புத்தகம் கேட்டான்.

சர் ஆம்ப்ரோஸ் நேராக என்னைப் பார்த்தார். "கைதிகிட்ட எவனாவது ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா, அவனும் உள்ள போவான். குறிப்பா புத்தகம் பிடிக்கிறவரு."

பாதிரியார் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். பார்னபி வாங்கினான். தலைகீழாகப் பிடித்திருந்தான். பாதிரியாரே திருப்பிக் கொடுத்தார். பிறகு மன்றம் முழுக்க அமைதி.

பார்னபி வாய் திறக்கவில்லை. நடிகன் அல்லவா, வாலுக்குக் காத்திருந்தான். முகத்தில் வியர்வை வழிய, என்னைப் பார்த்தபடி, மகா பொறுமையாகக் காத்திருந்தான். தூக்கு என்று தீர்ப்புச் சொல்லும்போது தலையில் போடுகிற கறுப்புத் துணியை நோக்கி சர் ஆம்ப்ரோஸ் கையை நீட்டினார்.

கைதியிடம் பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? புகார் கொடுத்தவரிடம் பேசக் கூடாது என்று சொல்லவில்லையே. ஜெர்வேஸ் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரக்கப் பேச்சுக்கும் ஒரு வால் உண்டு. அவர் காதோரம் மெதுவாகச் சொன்னேன்: "கயிறா, கருணையா, பிரபு?"

இருநூறு பேர் முன்னால், அப்படியொரு அமைதியில், வால் கேட்ட நடிகன் என்ன செய்வான்? தடுக்க அவராலேயே முடியவில்லை. மார்பு விரிந்தது. வலது கால் முன்னே வந்தது. ஜெர்வேஸ் தொடங்கிவிட்டார்.

"கயிறு என் கையில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கழுத்தையும் பார்க்கும்போது என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் ஒரே சூடு..." என்று கழுத்தைத் தொட்டார். சர் ஆம்ப்ரோஸின் கை கறுப்புத் துணியை விட்டுத் தன் கழுத்துக்குப் போனது. கைக்குட்டை வெளியே வந்தது. காவலர்கள் விசும்பினார்கள். ஜெர்வேஸ், தன்னால் தூக்குமேடைவரை வந்தவனைப் பார்த்துக் கண்ணீர் வழிய, ஒரு வரி விடாமல், கொட்டகையில்கூட அப்படிப் பேசியதில்லை, முழுவதையும் பேசி முடித்துக் கையை நீட்டினார்: "எழுந்து பேசு, மகனே."

பார்னபி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தான். வசனத்தைச் சொன்னான். சுத்தமாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். முடித்ததும் அவன் உதடு துடித்ததைப் பார்த்தேன், என்னவோ சேர்க்க வருகிறது. கைதிகள் வரிசையில் நின்ற தாம்சின் முன்னாலிருந்த மரத் தடுப்பை ஒரு தட்டு தட்டினாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"வாசிக்கிறான்" என்றார் பாதிரியார்.

ஜெர்வேஸைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தன்னிடம் திருடினவனுக்காகத் தானே அழுத மகான் என்றார்கள். அவரும் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "என்னால தாங்க முடியலங்க" என்றார். சத்தியமாகத் தன் மனசிலிருந்துதான் வந்தது என்று சாகும்வரை நம்பினார். பார்னபியின் கட்டைவிரல் அங்கேயே கருகியது.

கைக்குட்டையைப் பிழிந்து வைத்துவிட்டு சர் ஆம்ப்ரோஸ் அடுத்த கைதியைக் கூப்பிட்டார். தாம்சின். இரண்டு கரண்டி. எடுத்தாயா, எடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "எனக்குப் படிக்கத் தெரியுங்க" என்றாள். எழுத்தர் சிரித்தார். வியாழக்கிழமை தூக்கு என்று எழுதிக்கொண்டார்கள். நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். அவளுக்கு எந்த வால், யார் காதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் கொட்டகை நிரம்பி வழிந்தது. காலைச் செய்தி பாலம் தாண்டி வடகரைக்கும் போயிருந்தது. சர் ஆம்ப்ரோஸ் ஏழாவது தடவையாக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்னபி, கட்டுப்போட்ட விரலோடு, கோமகன் காலடியில் மண்டியிட்டான். பேச்சு உச்சிக்குப் போயிற்று. ஆப்பிள் வரவில்லை. ஜெர்வேஸுக்கு அவ்வளவு சந்தோஷம், குரல் தேனாக வழிந்தது. எல்லோரையும் மன்னித்தார், மேசைக்கடியில் இருந்தவரையும் மன்னித்தார். "எழுந்து பேசு, மகனே."

புத்தகத்தின்படி, செருப்பெல்லாம் உமக்கே காணிக்கை என்று பார்னபி சொல்ல வேண்டும். எழுந்தான்.

"மூணாவது கதவைத் தொறக்கலையே, பிரபு."

கூட்டம் சிரித்தது. பார்னபி வழக்கம்போல என்னவோ சேர்த்துவிட்டான் என்று நினைத்தார்கள். ஜெர்வேஸ் திருதிருவென்று விழித்தார்.

"தாம்சின்னு பேரு, பிரபு. ரெண்டு கரண்டி. நம்மைவிட நல்லாப் படிக்குது."

இன்னும் பலத்த சிரிப்பு. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பே இல்லாத கோமாளி முகத்தைப் பார்த்தால் ஜனங்களுக்கு அடக்கவே முடியாது. சர் ஆம்ப்ரோஸ் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் முட்டியது. பார்னபி அவர் பக்கம் திரும்பி முக்காலிக்கு எதிரே மண்டியிட்டான். "ஐயா, வியாழக்கிழமைங்கய்யா" என்றான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும் என்று கையை ஆட்டினார்.

ஜெர்வேஸ் நான் நின்ற திரைப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். பார்னபியும் மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தான். அடுத்த வரி என்ன என்று இரண்டு பேரும் கேட்டார்கள். எந்த நடிகனையும் வரி இல்லாமல் நான் நிற்க விட்டதில்லை. புத்தகத்தைப் பார்த்தேன், விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். மன்னிப்புக்கு அப்புறம் அதில் எழுதியிருந்தது ஒன்றுதான்: எல்லோரும் ஆடுகிறார்கள்.

வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினேன்.