பேனரின் மறுமுனை

ராஜேஷ் பேனரின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான். மறுமுனையைப் பிடித்திருந்த அவன் அக்கா எழிலரசி, அதிலிருந்த வரியைப் படித்ததும் கையை விட்டுவிட்டாள். அப்பா கன்னியப்பனின் முகம் பாதியாக மடிந்து தெருமண்ணில் கிடந்தது.

"உண்மையே உயிராய் வாழ்ந்தவரா? எவன் எழுதச் சொன்னது?"

"நான்தான். இன்னா இப்போ?"

"உண்மைன்னா இன்னா, சொல்லு."

"தோல் பதனிடுற ஷாப்ல முப்பது வருசம் மேஸ்திரி. ஒரு துண்டுத் தோலு வீட்டுக்கு வந்துருக்குமா?"

"அது உதாரணம். நான் கேட்டது உண்மைன்னா இன்னான்னு."

உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றி ஒப்பாரி ஏறி இறங்கியது. எழிலரசி வேலூர்க் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவள். நல்லது எது, நியாயம் எது என்று கேட்டே ஊரைப் பகைத்துக்கொண்டு நஞ்சு குடித்த கிரேக்கத்துக் கிழவரென்றால் அவளுக்கு உயிர். வீட்டில்தான் அந்தக் கேள்விகள் யாருக்கும் ஆகாது.

"அப்பாவுக்குக் கீழ வேல பாத்த முனிரத்தினத்தக் கழிவுத் தொட்டில எறங்கச் சொன்னது யாருடா?" என்றாள். "குடிச்சிட்டு அவனே எறங்கிச் செத்தான்னு விசாரணைல சொன்னது யாரு?"

ராஜேஷ் கட்டுக்கம்பியைக் கீழே போட்டான். "அந்தப் பொய்ய அப்பாவுக்கு மனப்பாடம் பண்ண வெச்சது யாருக்கா? ராத்திரியெல்லாம் எதிர்ல குந்திக்கினு, 'இப்படிக் கேட்டா இன்னா சொல்லுவீங்க, அப்படிக் கேட்டா இன்னா சொல்லுவீங்க'ன்னு நீதான கேட்ட? ப்ளஸ் டூ படிச்சிக்கினு இருந்த. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

எழிலரசி வாயைத் திறப்பதற்குள், தெருமுனையில் ஜோதி வந்துகொண்டிருந்தாள். முனிரத்தினத்தின் மனைவி. கையில் மாலை இல்லை.

சாவு வீட்டு வழக்கப்படி, கட்டிக்கொண்டு அழ எழிலரசி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜோதி கிட்டே வரவில்லை. குனிந்து பேனரின் முனையைத் தூக்கி, மண்ணைத் தட்டி, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"குடிகாரன்னு சொல்லிட்டாங்க. எங்கூட்டுச் சாவுக்கு நாலு பேர்கூட வரல," என்றாள். "நீ வாத்தியாராச்சே. சொல்லு, இது சரியா எழுதிருக்குதா?"

ஒப்பாரி நின்றிருந்தது. வாசலில் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரு... பேரு சரிதான்," என்றாள் எழிலரசி.

"புடி. மண்ணுல இழுபடுது," என்று ஜோதி அதை அவளிடம் கொடுத்தாள்.

ஜோதி திரும்பி நடந்தாள். நீட்டியபடியே இருந்த எழிலரசியின் கைகளில் பேனரின் முனை இருந்தது.

"இழுத்துப் புடிக்கா," என்றான் ராஜேஷ்.

எழிலரசி இழுத்துப் பிடித்தாள்.