பொன்னி எதிர்பார்த்த பொய்

"பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு பம்ப்ப அடிச்சியா இல்லியா? உண்மையச் சொல்லுய்யா!"

"அடிக்கலடி. பாப்பா மேல சத்தியமா அடிக்கல."

"பாப்பாவ இழுக்காத. ஒன் சத்தியத்தாலதான் அது கணக்குல பெயிலாவுது."

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்தச் சண்டை என் அறை வாசலில் நடந்தது.

தமிழ்வேந்தனுக்கு நாற்பத்துநாலு வயது. செம்மங்குப்பம் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பவுடர் கொட்டும் வேலை. மூன்று மாதமாகப் படி ஏற முடியவில்லை. கடலூரில் காட்டினால் கம்பெனி ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று மனைவி பொன்னியோடு இங்கே வந்திருந்தார்.

முதலில் ஊதினார். ஒன்றரை லிட்டர். அவர் உயரத்துக்கு மூன்றுக்கு மேல் வர வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை, அதே இன்ஹேலர் பம்ப்பில், நாலு தடவை இழுக்கவைத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னேன். அப்போதும் ஒன்றரைதான்.

"வரும்போதே பம்ப் அடிச்சிருந்தா குழாய் முன்னாடியே விரிஞ்சிருக்கும்மா. அப்ப வித்தியாசம் தெரியாது. அடிக்கலன்னா, மருந்துக்கே குழாய் விரியலன்னு அர்த்தம்," என்றேன்.

அதைக் கேட்டபிறகுதான் பொன்னி அவரை வெளியே இழுத்துப்போய்ச் சண்டை போட்டாள். அவர் பொய் சொல்கிறார் என்றால் அவளுக்கு நிம்மதி.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "இவரு ஷிப்ட்டுல எட்டு பேரு சார். கம்பெனியில ஊதச் சொல்ற அன்னிக்கு கக்கூஸ்ல நின்னு ஒரே பம்ப்ப மாத்தி மாத்தி அடிச்சுட்டுப் போவாங்க. நாலு வருஷமா எல்லாருக்கும் நார்மலு!"

தமிழ்வேந்தன் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. "இல்லாட்டி வேலைய விட்டுத் தூக்கிடுவான் சார். பதினெட்டாம் தேதி மறுபடியும் ஊதணும்."

"நாளைக்கு பம்ப் அடிக்காம வாங்க. மூச்சு முட்டுனா அடிச்சுடுங்க, டெஸ்ட்ட அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

மறுநாள் பொன்னி பம்ப்பை டிபன் பாக்ஸில் போட்டு மடியில் வைத்திருந்தாள். "ராத்திரிலேர்ந்து என்கிட்டதான் சார் இருக்கு. இன்னிக்கு நான் சாட்சி."

"நல்லா இழுங்க... ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!"

ஊதி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டார். நகமெல்லாம் நீலம். மருந்து கொடுத்தேன். இருபது நிமிடம் காத்திருந்தோம். இரண்டாம் முறை ஊதினார்.

பொன்னி எட்டி ஸ்கிரீனைப் பார்த்தாள். "ஒரு கோடுதானே இருக்கு? ரெண்டாவது எங்க சார்?"

இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே படுத்திருந்தது.

"அப்ப நேத்து நீ பொய் சொல்லலியா?" என்று அவரிடம் கேட்டாள். அவ்வளவு மெல்ல அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அதான் சொன்னேனேடி."

டாக்டரிடம் அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ்வேந்தனின் போன் அடித்தது, ஷிப்ட்டில் கூட வேலை செய்பவர். மூச்சு வாங்கியதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், பதினெட்டாம் தேதி பம்ப்ப மறந்துடாத. எனக்கு இப்பல்லாம் ரெண்டு அடிச்சாலும் பத்தல. நாலு அடிக்கணும்."

தமிழ்வேந்தன் என்னைப் பார்த்தார். "இத எழுதிப் போடுங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டானுங்க."

அதனால் எழுதுகிறேன். பம்ப் அடித்துவிட்டு ஊதி, நார்மல் என்று காகிதம் வாங்கி வைத்திருப்பவர் யாராவது இதைப் படிக்கிறீர்களா? அடிக்காமல் கடைசியாக எப்போது ஊதினீர்கள்? பெயர் வேண்டாம், வருடத்தை மட்டும் கீழே பதிலாக எழுதுங்கள்.