கோகினூர் வீட்டுக்கு ஜிலேபி

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு ரமலானில் நோன்பு திறக்கப் பலகாரம் கொண்டுபோகாத தகப்பனை வங்கதேசத்துச் சில்ஹெட்டில் யாரும் மனுஷனாகவே சேர்த்துக்கொள்வதில்லை. மகளே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வதென்றுதான் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. கோகினூர் இறந்து பத்து மாதம். முஸாபிர் அலி இந்த வருஷமும் ஆட்டோ பிடித்தார்.

மடியில் நான்கு கிலோ ஜிலேபி, பெட்டியைத் தாண்டித் தொடையைச் சுட்டது. காலடியில் சுண்டலும் வெங்காயப் பக்கோடாவும். மூன்று வயதுப் பேத்தி துலியைப் பார்க்க அந்த வீட்டுப் படியேறும் உரிமை தனக்கு இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பலகாரத்தோடு போனால் சம்பந்தி என்று உட்காரவைப்பார்கள் என நம்பியிருந்தார், பாவம்.

மருமகன் ஷம்சு போன மாதம் மறுமணம் செய்துகொண்டது அவருக்குத் தெரியும். புதுப்பெண் வீட்டார் இன்றைக்கே பலகாரத்தோடு வந்திறங்குவார்கள் என்று தெரியாது. கூடம் முழுக்கத் தாம்பாளங்கள்.

"வாங்க சம்பந்தி!" என்றாள் ஷம்சுவின் தாய் ரூபியா. புதுப்பெண்ணின் தகப்பனும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார். ரூபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கண்ணே," என்றார் அந்த மனிதர், வெள்ளந்தியாக. "மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவா? எங்க வீட்டு ஜிலேபி, சாப்பிட்டுப் பாத்துச் சொல்லணும் நீங்க."

துலி புதுப்பெண்ணின் மடியில் இருந்தாள். முஸாபிர் கை நீட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பி, "அம்மா" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். அந்தப் பெண் மேல் கோபப்படக்கூட வழியில்லை, குழந்தையை அவ்வளவு பதமாகப் பிடித்திருந்தாள்.

ரூபியா அவரை வாசல் பக்கம் ஒதுக்கினாள். "தப்பா நினைக்காதீங்க. புதுச் சம்பந்தம், முத நாளு. இதப் பள்ளிவாசல்ல குடுத்துடுங்களேன். அவ பேரச் சொல்லி துஆ ஓதுவாங்க, புண்ணியமாப் போகும்."

அவள் கெட்டவள் இல்லை. முஸாபிர் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்குக்கு நாலு நிமிஷம் இருந்தது. ஜிலேபிப் பெட்டியைக் கண்டதும் இமாம் முகம் மலர்ந்தார்.

"என்ன விசேஷம் பெரியவரே? பேரன் பொறந்திருக்கானா? யார் பேருக்கு ஓதணும்?"

முஸாபிர் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். பத்து மாதமாக வராத அழுகை அத்தனை பேர் முன்னாலும் வந்தது.

"மக வீட்டுக்குக் கொண்டு வந்தேன் ஹஜ்ரத்," என்றார். "மக அங்க இல்ல."