வடக்கு வாசல் சாக்கடை

சியாலாவின் வலக்கையை மணிக்கட்டோடு எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் முடிவு செய்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம் கிங்காலிக்கு மடிப்பு யாரு வைப்பா, நீங்களா?"

திபிலிசியில் எங்கள் தெருமுனையில் இருபது வருடமாகக் கிங்காலிக் கடை வைத்திருப்பவள் அவள். மாவுக்குள் கறியை வைத்துப் பதினெட்டு மடிப்பு மடித்துக் கொண்டை போடுவாள். கத்தி பட்ட கையோடு தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு அங்கேயே கிருமி ஒட்டிக்கொண்டது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அது மசியவில்லை. இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்குமேல் கையை விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

நான் ஃபேஜ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஃபேஜ் என்றால் கிருமியைத் தின்னும் வைரஸ். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால்கூட எங்கள் ஊரில் அந்தப் புட்டியைத்தான் வாங்குவோம். சியாலாவின் சீழைத் தட்டில் வளர்த்து, கைவசம் இருந்த அத்தனை ஃபேஜையும் சொட்டுவிட்டுப் பார்த்தேன். வேலை செய்திருந்தால் சொட்டு விழுந்த இடம் தெளிந்து ஓட்டையாகத் தெரியும். தட்டு முழுக்கப் பாலாடையாகவே கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கிருமி எங்கே குடியிருக்கிறதோ அங்கேதான் அதைத் தின்பதும் இருக்கும். ஆஸ்பத்திரிச் சாக்கடையில் ஒரு ஜாடி தண்ணீர் வேண்டும் என்று இயக்குநர் எல்குஜாவிடம் போய் நின்றேன்.

"எங்க ஆஸ்பத்திரில அந்தக் கிருமியே கிடையாதும்மா."

"அப்ப உங்க சாக்கடையில என்ன, பன்னீரா ஓடுது?"

"ஆத்துல போய் அள்ளிக்குங்க. இங்க ஒரு சொட்டு எடுக்கக் கூடாது."

ஆற்றிலும் அள்ளினேன். ஒன்றும் தேறவில்லை.

மறுநாள் காலை சியாலா வார்டிலிருந்து நழுவிக் கீழே வந்தாள். சாக்கடை மூடி வடக்கு வாசலுக்கு வெளியே, தெருவில் இருக்கிறது. நான் கடப்பாரையால் நெம்பினேன். அவள் இடக்கையால் கயிற்றில் கட்டிய ஊறுகாய் ஜாடியை இறக்கினாள். காவல்காரர் ஜும்பெர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, ஐயா பாத்தா என் வேலை போயிரும்!"

"மூடி தெருவுல இருக்கு, தெரு ஊருக்குச் சொந்தம். நாத்தம் தாங்கலன்னா மூக்கைப் பொத்திக்க," என்றாள் சியாலா. "அடியே மாக்வாலா, நிறைஞ்சிருச்சு, இழு! மூட்டை வெங்காயம் உரிக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்."

ஜும்பெர் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் எதையும் பாக்கல," என்றார்.

மூன்றாம் நாள், அந்தத் தண்ணீரை விட்ட தட்டில் ஊசியால் குத்தியதுபோல் எட்டு ஓட்டைகள். கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அதை வளர்த்து, வடிகட்டி, சோதித்துப் புட்டியில் அடைக்க ஆறு நாள் ஓடியது. கெடுவுக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

புது ஃபேஜுக்கு அதைக் கண்டெடுத்த இடத்தின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். 'வடக்கு வாசல் சாக்கடை' என்று ஆஸ்பத்திரியின் பெயரோடு சீட்டெழுதி ஒட்டி எடுத்துப்போனேன். வார்டு வாசலில் எல்குஜா அதைப் படித்தார்.

"ஆத்துத் தண்ணின்னு மாத்துங்க. இந்தப் பேரோட இது என் வார்டுக்குள்ள வராது."

உண்மையைச் சொல்கிறேன், பேனாவை எடுத்துவிட்டேன். ஒரு கையைவிடச் சீட்டு பெரிதா? கட்டிலிலிருந்து எழுந்துவந்த சியாலாதான் பேனாவைப் பிடுங்கினாள்.

"ஒரு எழுத்தை மாத்தினே, உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். நாளைக்கு இன்னொருத்திக்கு வந்தா அவ எங்கடீ தேடுவா? ஐயா, நான் கிளம்பறேன், ஃபாரத்தக் குடுங்க."

இடக்கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எங்கள் கூடத்துச் சிகிச்சை அறையில் வந்து படுத்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு மாதத்தில் சீழ் வற்றியது. கடையை மறுபடி திறந்த அன்று, முதலாவது கிங்காலியை என் முன்னால் தள்ளினாள். பதினொரு மடிப்புதான் இருந்தது.

"என்ன எண்ணறே? தின்னுடீ!"

அழுதுகொண்டே தின்றேன்.

இலையுதிர் காலத்தில் எல்குஜா போன் செய்தார். அவர் வார்டில் மூன்று பேருக்கு அதே கிருமி.

"அந்த… ஆத்துத் தண்ணி மருந்து வேணும்மா."

"அந்தப் பேர்ல எங்ககிட்ட எதுவும் இல்லைங்களே."

அவருடைய டாக்டர்கள் முன்பே சீழை அனுப்பியிருந்தார்கள். நான் சோதித்து அனுப்பிய மூன்று புட்டிகளும் காலையிலேயே வண்டியில் கிளம்பிவிட்டன. அதை நான் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

"வடக்கு வாசல்," என்றார். "வடக்கு வாசல் சாக்கடை. எங்க ஆஸ்பத்திரியோடது."

"வண்டி இந்நேரம் அந்த வாசல்லதாங்க நிக்கும்," என்றேன்.